மூட்டை தூக்குமுன் அக்காவை ஒரு வார்த்தை கேள்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மணிமுத்தாறில், போலீஸ் பட்டாலியனுக்குப் பக்கத்துத் தெரு. காபி போடுகிறேன் என்று அவள் அடுப்படிக்குள் போன நேரத்தில் நான் பரணில் ஏறிவிட்டேன். (அக்காமார் வந்தால் பரணில் ஏறத்தான் செய்வோம். பிடிக்கவில்லை என்றால் ஏணியை ஒளித்து வை.) மேலே என்ன இருந்தது தெரியுமா? பாறையாக இறுகிப்போன சலவைத்தூள் பாக்கெட் ஒன்பது. ஐந்து கிலோ சிறுபயறு, அதில் பாதி மாவு. மூன்று கிலோ ரவை, உள்ளே நூல் நூலாக ஒட்டடை.

"மலிவா கெடச்சுதுக்கா" என்றாள்.

ஏட்டி, மலிவா இல்லையா என்பது வாங்குகிற அன்றைக்குத் தெரியாது. கடைசிப் பிடி கெடாமல் தீர்கிற அன்றைக்குத்தான் தெரியும். அதுவும் நம் ஊர் ஈரம் பிடித்த ஊர். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மேலே மாஞ்சோலையில் மேகம் இறங்கினால் கீழே உன் உப்பு ஜாடி வியர்க்கும். அணையும் மலையும் கண்ணுக்கு அழகுதான், அடுப்படிக்கு ஈரம். மதுரைக்காரியும் சென்னைக்காரியும் சொல்கிற டிப்ஸை இங்கே அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதே. உனக்கு வேலைக்குப் போகிற அவசரம், பிள்ளைக்குப் பள்ளிக்கூட அவசரம். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். அரிசியிடம் மட்டும் கொஞ்சம் நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்.

1. காலண்டரில் எழுது

எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று தினசரி காலண்டர் தாளில் "எண்ணெய்" என்று எழுது. தீர்கிற அன்று மறுபடி எழுது. பருப்பு, சீனி, சோப்பு எல்லாவற்றுக்கும் இப்படியே இரண்டே இரண்டு மாதம் செய்தால் போதும். உன் வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். இந்தக் கணக்கு இல்லாமல் மொத்தமாக வாங்கப் போகாதே. "நாலு பேருக்கு இவ்வளவு ஆகும்" என்று கடைக்காரர் சொல்கிற கணக்கு அவர் வீட்டு நாலு பேருக்கு.

இதில் ரேஷனைக் கழிக்க மறக்காதே. அரிசி கார்டுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாவாட்டுவதற்கு ரேஷன் அரிசியைப் போடுகிறவள், கடையில் இட்லி அரிசியும் மூட்டையாக வாங்கி வைத்தால் அது யாருக்கு? வண்டுக்கு.

2. பெரிய பாக்கெட் எல்லாம் மலிவு இல்லை

சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அரை கிலோ 62 ரூபாய், ஒரு கிலோ 128 ரூபாய் என்றால் பெரியதில் உனக்கு 4 ரூபாய் நஷ்டம். இப்படி நிறைய நடக்கிறது. மனக்கணக்கு வராதென்றால் பாக்கெட்டின் விலைக்குப் பக்கத்தில் பார். ஒரு கிராம், ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை மட்டும் படி. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் படிக்காதே.

எண்ணெயில் இன்னொரு வித்தை. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். கடையில் தொங்குகிற பாக்கெட்டெல்லாம் ஒரே உருவம்தான், ஆனால் சிலதில் 850 கிராம், சிலதில் 800. டின்னிலும் அப்படித்தான். 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும்; 15 லிட்டர் டின் 13.65 கிலோதான். "பதினஞ்சு டின்னு" என்று மட்டும் கேட்டால் எந்தப் பதினைந்து வந்ததென்று வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

3. அரிசி

நம் பக்கம் நெல் கார் பருவத்திலும் பிசானத்திலும் விளைகிறது. பிசான அறுப்பு மாசி, பங்குனியை ஒட்டி வரும். அப்போது அரிசி விலை கொஞ்சம் இறங்கும், வெயிலும் நல்ல வெயில். வருடத்தில் அரிசி வாங்கிப் போட ஒரு நேரம் உண்டென்றால் அதுதான். ஆனால் புது அரிசி சோறு குழையும், பானையில் காணாது. "போன பிசானத்து அரிசியா, புதுசா?" என்று வாய் திறந்து கேள். கேட்காதவளுக்குப் புதியதைத்தான் தள்ளுவார்கள்.

மூட்டை ஏன் 26 கிலோவில் வருகிறது என்று யோசித்திருக்கிறாயா? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் இல்லை. அதனால்தான் அந்த ஒரு கிலோ கூட ஏறி உட்கார்ந்தது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 26 கிலோ 1,430 ரூபாய் என்றால் கிலோ 55. 25 கிலோ 1,400 என்றால் கிலோ 56. பார்வைக்கு முப்பது ரூபாய் குறைந்த மூட்டைதான் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட. அதனால் மூட்டை விலையைக் கேட்காதே, கிலோ விலையைக் கேள்.

இட்லிக்கு என்றால் அம்பை 16 குண்டு அரிசி. நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம். ஊர்ப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், மாவு நன்றாகப் பொங்கும். ஆனாலும் இட்லி அரிசியைப் பத்துக் கிலோவுக்கு மேல் வாங்காதே. தினம் சோறு வடிக்கிற அரிசி தீர்கிற வேகத்தில் இது தீராது.

புழுங்கல் அரிசி நாள்பட இருக்கும். பச்சரிசி அவ்வளவு தாங்காது. கைக்குத்தல் அரிசி, தவிட்டோடு இருக்கிறது என்று சொல்லி விற்கிற சிவப்பரிசி இதையெல்லாம் மூட்டையாக வாங்குவது சுத்த அறியாமை. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது சிக்குவாடை அடித்துவிடும். உடம்புக்கு நல்லது என்று வாங்கினால் இரண்டு கிலோ, மூன்று கிலோ. அதற்கு மேல் வேண்டாம்.

வண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றில்லை. தாய் வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, வாயை அடைத்துவிடும். மூட்டை உன் வீட்டுக்கு வரும்போதே உள்ளே குடும்பம் இருக்கலாம். அதனால் வாங்கிய அன்றே மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தாலோ, கையில் வெள்ளை மாவு ஒட்டினாலோ, அன்றைக்கே திருப்பிக் கொடு. நாளைக்கு என்றால் எந்த அண்ணாச்சியும் வாங்கமாட்டார்.

வண்டு வந்துவிட்டால் அரிசியைக் கொதிக்கிற வெயிலில் கொட்டாதே. மணி வெடித்து நொய்யாகிவிடும். நிழலில் பரப்பு, சுளகில் புடை, வண்டு தானே நடந்து போகும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளை போட்ட ஒரு குழாய்ப் பொறி செய்திருக்கிறார்கள். தானியத்துக்குள் செருகி வைத்தால் வண்டு துளை வழியாக நுழைந்து அடியில் இருக்கிற கிண்ணத்தில் விழும், ஏறி வரமுடியாது. மருந்து கிடையாது, மாயம் கிடையாது, வண்டின் குணத்தைத் தெரிந்து செய்த பொறி. கிடைத்தால் வாங்கு.

கோபமாகவே சொல்கிறேன்: குடோனில் போடுகிற வண்டு மாத்திரையை யாராவது "நல்லா கேக்கும் மதினி" என்று தந்தால் வாங்காதே. அதிலிருந்து வருவது பாஸ்பீன் வாயு. ஆள் படுத்துத் தூங்குகிற வீட்டில் அதை வைப்பது அரிசியைக் காப்பாற்ற ஆளைக் கொடுப்பது.

4. பருப்பு உடைத்தது, பயறு முழுசு

இது பல பேருக்குத் தெரியாது. பயறு வண்டுக்கு முழுமணிதான் வேண்டும். சிறுபயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை இவற்றின் தோலில் வெள்ளைப் புள்ளி மாதிரி முட்டையை ஒட்டி வைக்கும். புழு உள்ளே துளைத்துப் போய், பெரிதாகி, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வட்டக் கதவைத் திறந்து வெளியே வரும். மாதம் ஒன்றில் ஒரு தலைமுறை. தங்கச்சியின் சிறுபயறு நான்கு மாதமாகப் பரணில் இருந்ததாம். எத்தனை தலைமுறை என்று நீயே கணக்குப் போடு. ஒரு மணியை நகத்தால் கிள்ளினேன், உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தொலி.

உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது. அதனால் துவரம்பருப்பு, தொலி உளுந்து இரண்டும் மூன்று மாதத்துக்கு வாங்கலாம். ஒருநாள் வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வைத்துவிடு. ஆறாமல் டப்பாவை மூடாதே, உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். முழுப் பயறு மாதத்துக்கு ஒரு கிலோ போதும்.

5. கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியவை

கல் உப்பு. தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும்போது உப்புக்கு என்ன பஞ்சம்? கெடாது, புழுக்காது. ஆனால் அயோடின் சேர்த்த உப்பு வேறு. ஈரத்திலும் திறந்த பாத்திரத்திலும் அயோடின் குறைந்துகொண்டே போகும். அதை மட்டும் அவ்வப்போது வாங்கி மூடியுள்ள ஜாடியில் வை, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே.

புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். வருடத்துக்கும் அப்போதே வாங்கு. கொட்டை, நார் எடுத்து, வெயிலில் காட்டி, கல் உப்புத் தூவி மண்பானையில் அமுக்கி வை. கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு என்பார்கள். கொட்டையை நிறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல். உட்கார்ந்து கொட்டை எடுக்க உனக்கு நேரம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்.

மிளகாய் வத்தல். சித்திரை வெயிலில் வாங்கி, காம்போடு காயவைத்து, காம்போடே கட்டி வை. கிள்ளிப் பார்த்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. உள்ளே சாம்பல் நிறத்தில் பூத்திருந்தால் "கழுவிப் போட்டா சரியாயிரும்" என்று மாமியார் சொன்னாலும் கேட்காதே. அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்ஸின் என்கிற நஞ்சு இருக்கலாம், அது ஈரலைக் கெடுக்கும். நிலக்கடலைக்கும் இதே சட்டம்தான்.

கருப்பட்டி. பதநீர் இறங்குகிற காலத்தில், வைகாசியில் வாங்கி, சாரல் தொடங்குமுன் காற்றுப் புகாமல் வைத்துவிடு. மழைக்காலத்தில் வாங்கினால் பாதி பாகாகத்தான் வீட்டுக்கு வரும்.

நாப்கின், குளியல் சோப்பு. சோப்பை உறையைப் பிரித்து இரண்டு மாதம் காற்றாட வைத்தால் இறுகி, கூடுதல் நாள் வரும். அரிசிக்கும் தேயிலைக்கும் பக்கத்தில் மட்டும் வைக்காதே, சோறு லைபாய் வாசம் அடிக்கும். வரி மாறுவதையும் பார்த்துக்கொள். 2025 செப்டம்பர் 22-இல் குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதற்கு முந்தின மாதம் பெட்டியாக வாங்கி அடுக்கியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நானும் ஒருத்தி.

6. வேண்டவே வேண்டாம்

- ரவை, மைதா, கோதுமை மாவு: மாதத்துக்கு மேல் வைக்காதே. ரவையை வாங்கிய அன்றே வறுத்து வைத்துவிடு.
- அரைத்த மசாலாத்தூள், காபித்தூள்: வாசம் போனபின் அது வெறும் பொடி. மல்லியும் மஞ்சளும் முழுசாக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரி.
- கடலை எண்ணெய்: சீக்கிரம் சிக்குவாடை வரும். நல்லெண்ணெய் தாங்கும், அது ஐந்து லிட்டர் கேன் வாங்கலாம்.
- சலவைத்தூள்: நம் ஊர் ஈரத்துக்குக் கல்லாகும். துணி சோப்புக் கட்டியாக வாங்கு.
- பிளீச்சிங் பவுடர்: வைக்க வைக்க வீரியம் குறையும்.
- டயப்பர்: பிள்ளை வளரும், டயப்பர் வளராது.
- அப்பளம்: கல்லிடைக்குறிச்சி பக்கத்தில் இருந்துகொண்டு ஐந்து மாதத்துக்கு அப்பளம் சேர்க்கிறவளை என்ன சொல்ல? பழைய அப்பளம் பொரித்தால் சிவக்கும். பஸ் ஏறினால் புதுசு.
- உள்ளி: விலை இறங்கினாலும் ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் சாக்கில் வைத்தால் நான் பொறுப்பில்லை. தரையில் பரப்பு, உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைக்காதே.

7. மலைக்காரியைக் கேள்

மாஞ்சோலையில் முப்பது வருடம் தேயிலை கிள்ளிவிட்டுக் கீழே இறங்கி வந்த ஒரு மதினி எங்கள் தெருவில் இருக்கிறார். எஸ்டேட் வீட்டில், மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் பஸ் வராது. கையில் இருப்பதுதான் சாப்பாடு. அவர் வீட்டில் இப்போதும் தீப்பெட்டி தகர டப்பாவுக்குள், அது அடுப்புக்கு மேலே. உப்பு, புளி, வத்தல், கருவாடு நிறைய. ரவை, மாவு ஒரு பாக்கெட் கூட மிச்சம் கிடையாது. "பஸ் வராட்டி எத வச்சிக் கஞ்சி குடிக்க முடியுமோ அத மட்டும் சேத்து வையி. மத்ததெல்லாம் கடையில கெடக்கட்டும், கடக்காரன் பாத்துக்கிடுவான்" என்றார். என் பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் இதைவிட நல்ல கணக்கு யாரும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்கமாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. ஆற்றோரத்தில் இருக்கிற என் நாத்தனார் வீட்டில் அரிசி மூட்டை தரையில் இருந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் மூட்டை நின்றதும் முழங்கால் உயரம்தானே. இரண்டாம் நாள் புளித்த வாடை, மூன்றாம் நாள் தூக்கி எறிந்தார்கள். அதே வீட்டில் மெழுகுவத்தி ஒன்று கூட இல்லை. எது சேர வேண்டுமோ அது இல்லை, எது சேரக்கூடாதோ அது மூட்டையாகத் தரையில்.

ஆக, மூட்டை பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. புரட்டாசி முடியுமுன் மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால்பவுடர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், டார்ச் பேட்டரி. இந்த ஐந்தும் வீட்டில் இருக்க வேண்டும். புரட்டாசிக்குப் பிறகு தானியம் எதுவும் மொத்தமாக வாங்காதே, தை பிறக்கட்டும்.

8. பங்கு போடு

மொத்த விலையும் வேண்டும், பரணும் நிறையக் கூடாது என்றால் ஒரே வழி: மூன்று வீடு சேர்ந்து ஒரு மூட்டை. வாங்கிய அன்றே, வாசலிலேயே, தராசு வைத்துப் பிரித்துவிட வேண்டும். "எங்க வீட்லயே இருக்கட்டும், வேணும்கும்போது எடுத்துக்கோ" என்று சொல்லாதே. அரிசியும் போகும், பழக்கமும் போகும். பட்டாலியன் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்: டிரான்ஸ்பர் ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் ஆறு மாத மளிகையை அடுக்கினால், லாரியில் முதலில் ஏறுவது புளிப்பானைதான்.

போக்குவரத்தையும் விலையோடு கூட்டு. டவுன் பஸ்ஸில் உனக்கு டிக்கெட் கிடையாது. மூட்டைக்கு லக்கேஜ் கேட்கலாம், இறங்கின இடத்திலிருந்து வீடு வரை ஆட்டோ நிச்சயம் கேட்கும். அம்பையில் மிச்சம் பிடித்த எண்பது ரூபாயை மணிமுத்தாறு ஆட்டோவுக்குக் கொடுப்பதற்குத் தெருமுனை அண்ணாச்சி கடையே மேல். மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு சரக்குத் தருவது அவர்தான். வருடம் முழுக்க வெளியில் வாங்கிவிட்டு அன்றைக்கு மட்டும் போய் நின்றால் முகம் எப்படி இருக்கும்?

மளிகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள், என்ன சாமான், எத்தனை கிலோ, எந்தக் கம்பெனி என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். நான் கட்டிய ஒன்றில் கடைசியில் வந்தது பெயர் கேள்விப்படாத எண்ணெயும் ஐந்து கிலோ மைதாவும். வருடத்துக்கு நாங்கள் பரோட்டா கடையா நடத்துகிறோம்?

சரி, தங்கச்சி. சிறுபயறைக் கோழிக்குப் போடு. இறுகிப்போன சலவைத்தூளைத் தண்ணீரில் ஊறப்போட்டு வாசல் கழுவு, வீணாக்காதே. வீட்டில் மிச்சம் இருக்கிற அரிசியை நீயாகப் புடைக்காதே, பாதியைக் கீழே கொட்டுவாய். அடுத்த ஞாயிறு வருகிறேன். சுளகையும் ஒரு பழைய சேலையையும் எடுத்து வை. ஏணியை ஒளித்து வைக்காதே.